அக்காவின் காது மிஷினும் என் 62 பாட்டும்

அக்டோபர் 17, வியாழன் – மதுரை

அக்காவுக்கு இரண்டு காதிலும் மிஷின் மாட்டி இரண்டு வருஷமாகிறது. 'ஹியரிங் எய்டு' என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. தையல் மிஷின், மாவு மிஷின் வரிசையில் அதுவும் ஒரு மிஷின், அவ்வளவுதான். அவளுக்கு 58, எனக்கு 52. நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு பயணம் கிளம்புவது இதுதான் முதல் தடவை. மாமா முழங்கால் வலி என்று கழன்றுகொண்டார். என் வீட்டில் பிள்ளைக்குப் பரீட்சை.

திட்டம் என்னுடையது. நாங்கள் பிறந்து வளர்ந்த கம்பம் பள்ளத்தாக்கில் நாலு நாள் சுற்ற வேண்டும். எந்த இடத்தில் எந்தப் பாட்டைக் கேட்டோமோ அந்த இடத்தில் நின்று அதைப் போட்டுக் கேட்க வேண்டும். ஒரு மாதமாக உட்கார்ந்து போனில் 62 பாட்டு சேர்த்திருந்தேன். கணவாய்க்கு ஒன்று, வீட்டு வாசலுக்கு மூன்று, அருவிக்கு இரண்டு என்று வரிசை எண் போட்ட பட்டியல். கணக்கு எழுதிப் பிழைப்பவனுக்கு வரிசை எண் இல்லாமல் எதையும் வைக்கத் தெரியாது.

"பாட்டக் கேக்குறதுக்கு எதுக்குடா அம்புட்டு தூரம்?" என்று மட்டும் அக்கா கேட்டாள். ஆனால் முதல் ஆளாகப் பையைக் கட்டிவிட்டாள்.

மதுரையில் மழை பெய்து ஓய்ந்திருந்தும் புழுக்கம் போகவில்லை. லாட்ஜில் அறை 1,100 ரூபாய். முன்மேசையில் இருந்தவர் அக்காவின் காதைப் பார்த்ததும் குரலை உயர்த்தினார். "அம்மா! ரெண்டாவது மாடி! லிஃப்ட் வேலை செய்யல!" தெருவே திரும்பிப் பார்த்தது. அதே தெருவில் ஜிகர்தண்டா கடைப் பையன், இருபது வயதுகூட இருக்காது, அவள் முகத்துக்கு நேராக நின்று, "ஐஸ்கிரீம் போடவா, போடாமயா?" என்று சாதாரணக் குரலில் நிதானமாகக் கேட்டான்.

"மிஷினப் பார்த்தா ஜனங்க ரெண்டு ஜாதியாப் பிரிஞ்சுருவாங்கடா," என்றாள் அக்கா, டம்ளரின் அடியில் கிடந்த கடல்பாசியைக் கரண்டியால் துழாவிக்கொண்டே. "கத்துற ஜாதி, மூஞ்சியப் பார்த்துப் பேசுற ஜாதி. மிஷினுக்குக் கத்துனா ஆகாது. கொர்ருன்னு ஒடைஞ்சு விழும். இது யாருக்கும் தெரியாது."

ராத்திரி பன் பரோட்டா. ஒன்று 35 ரூபாய். மேலே மொறுமொறுவென்றும் உள்ளே பஞ்சு மாதிரியும் இருந்தது. இரண்டுக்கு மேல் இறங்கவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி – ரயிலில்

போடிக்குப் போகும் காலை ரயில். எங்கள் காலத்தில் இது மீட்டர் கேஜ். அகலப்பாதையாக மாற்றுகிறோம் என்று 2010 கடைசியில் நிறுத்தினார்கள். தேனி வரைக்கும் ரயில் திரும்ப வர 2022 மே ஆனது. போடிக்கு 2023 ஜூன். அந்த இடைவெளியில் பிறந்த பிள்ளைகள் ரயில் பார்க்காமலேயே பத்து வயது தாண்டிவிட்டார்கள்.

உசிலம்பட்டியில் கூட்டம் ஏறியது. எதிர் இருக்கையில் ஒரு பெரியவர், மடியில் மஞ்சப்பை. உட்கார்ந்த உடனே விசாரணை. எந்த ஊர், யார் மகன், இப்போது எங்கே ஜாகை, அம்மா இருக்கிறார்களா, வீடு வித்தாச்சா. பத்து நிமிஷத்தில் எங்கள் வம்சக்கொடி அவர் கையில். சென்னையில் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாத விஷயமெல்லாம் இவருக்குத் தெரிந்துவிட்டது. அது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

ஆண்டிபட்டிக் கணவாய் நெருங்கியது. இருபுறமும் வெட்டிய பாறை, மேலே புதர். பட்டியலில் ஏழாவது பாட்டு இதற்கென்று வைத்தது: 'செந்தூரப்பூவே'. 1977-ல் '16 வயதினிலே' படத்துக்காக எஸ். ஜானகி பாடியது. அவருக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த பாட்டு. இந்தப் பக்கத்தில் அந்தப் படத்தைச் சினிமாவாகவே நினைக்க மாட்டார்கள், சொந்தக்காரர் மாதிரி. எடுத்த பாரதிராஜா தேனி அல்லிநகரம், இசை போட்ட இளையராஜா பண்ணைப்புரம். இரண்டு ஊரும் எங்களுக்குப் பஸ்ஸில் போய்வரும் தூரம். சின்ன வயதில் அக்கா இதை முணுமுணுக்காத நாள் கிடையாது. அவளுக்கு உயிரான பாட்டு என்று நான் நாற்பது வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறேன்.

போனை அவள் காதருகே பிடித்தேன். ஜானகியம்மா ஆரம்பித்தார். அக்கா முகத்தைச் சுளித்தாள். கன்னம் உள்ளே ஒட்டியது. எச்சில் விழுங்கினாள்.

"என்னக்கா, நல்லா இல்லையா?"

"தகர டப்பாவுல கல்லப் போட்டு ஆட்டுற மாதிரி இருக்குடா. நிறுத்து."

ஒரு மாத உழைப்பு கணவாய்க்குள்ளேயே சாய்ந்தது.

மிஷின்காரர் முன்பே சொல்லியிருக்கிறார். இது பேச்சுக்கென்று திருத்தி வைத்த கருவி. மெல்லிய சத்தத்தைத் தூக்கும், பெரிய சத்தத்தை அமுக்கும். பாட்டில் இருக்கும் ஏற்ற இறக்கமெல்லாம் ஒரே மட்டமாகிவிடும். புல்லாங்குழல் மாதிரி நீளமாக ஒரே ஸ்வரம் வந்தால் இன்னும் மோசம். தன் சத்தம் தன் மைக்கிலேயே திரும்பப் புகுந்து எழுப்பும் கூவல்தான் அது என்று மிஷின் நினைத்துக்கொண்டு அதை அழிக்கப் பார்க்கும். குழல் நடுங்கும், சில சமயம் காணாமலே போகும். பணம் கூடப் போட்டால் பாட்டுக்கென்று தனி ஏற்பாடு உள்ள மிஷின் கிடைக்கிறது. அக்கா வாங்கியது அது இல்லை.

பெரியவருக்குப் பாட்டு நின்றதில் வருத்தம். "ஏப்பா, விடேன். இந்தப் பாட்டு வந்த வருஷந்தான் எங்க கெணத்துல தண்ணி வந்துச்சு. வெடி வச்சு, பன்னெண்டாள் எறங்கி, நாப்பது அடியில ஊத்து பீச்சுச்சு. அன்னைக்கு டீக்கடையில இதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு." சொல்லிவிட்டு உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். காதல் பாட்டு ஒன்று ஒரு மனிதருக்குக் கிணற்று ஊற்றாக இருக்கிறது. இதை என் பட்டியலில் எந்த எண்ணில் சேர்ப்பது?

ஆண்டிபட்டி தாண்டியதும் அக்காவே ஒரு பரீட்சை வைத்தாள். "ஒனக்குத் தோணுனதப் போடு. பேரச் சொல்லாத." போன வருஷம் வந்த ஒரு பாட்டைப் போட்டேன். "மாவு மிஷின்," என்றாள். இன்னொன்று, அதுவும் புதுசு. "இது ஈர மாவு." பெரியவர் குலுங்கிச் சிரித்தார். பிறகு 1980-ல் வந்த ஒன்றைப் போட்டேன். பாடுகிறவர் வாயைத் திறக்கவே இல்லை, இரண்டாவது தாளத்தில் அவள் தலை ஆடியது. பல்லவி முழுக்க உதடு அசைந்தது. நடுவில் ரயில் ஒரு பாலத்தில் ஏறித் தடதடவென்று என் காதுக்கே பாட்டு கேட்கவில்லை. அவள் உதடு நிற்கவில்லை. பாலம் முடிந்தபோது பாட்டும் அவளும் ஒரே வரியில் இருந்தார்கள்.

"தெரிஞ்ச பாட்டுன்னா கேக்குதுடா. தெரியாததுன்னா வெறுஞ் சத்தம்," என்றாள். "காதா கேக்குது? எதோ ஒண்ணு கேக்குது."

அக்டோபர் 18, இரவு – கம்பம்

தேனியிலிருந்து கம்பத்துக்குத் தனியார் பஸ். டிரைவருக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர், அதற்குக் கீழே எங்கள் இருக்கை. கண்டக்டர் தம்பி மரியாதையான ஆள். குனிந்து, "அம்மா, பாட்டு சத்தத்தக் கொறைக்கச் சொல்லவா?" என்று கேட்டார். ஜன்னல் காற்று மிஷினில் ஊதிக்கொண்டிருந்ததால் அக்கா மிஷினை அணைத்து வைத்திருந்தாள். "கம்பம் ரெண்டு," என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். சத்தம் குறையவில்லை, டிக்கெட் வந்தது.

கம்பத்தில் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. பரோட்டா ஒன்று 15 ரூபாய், சால்னா ஊற்றியபடி இருக்கிறார்கள். ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. மெழுகுவர்த்தியை அறைக்குக் கொண்டுவந்து கொடுத்த பெண், "பயப்படாதீங்க, பத்துக்கெல்லாம் வந்துரும்," என்று சொல்லிவிட்டுப் போனார். பதினொன்றரைக்கு வந்தது.

இருட்டில் படுத்திருந்தபோது எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது. பெட்ர் ஜனாட்டா என்று கலிபோர்னியாவில் ஒரு மூளை ஆராய்ச்சியாளர். 2009-ல் அவர் வெளியிட்ட ஆய்வு. ஆட்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, அவர்கள் சின்ன வயதில் பிரபலமாக இருந்த பாட்டுகளின் துண்டுகளைப் போட்டுப் பார்த்தார். சொந்த நினைவைக் கிளப்பிய பாட்டு வரும்போது நெற்றிக்கு நேர் பின்னால் ஒரு பகுதி வேலை செய்தது. மறதி நோய் வந்தவர்களுக்கும் கடைசியாகத் தேய்கிற பகுதிகளில் அது ஒன்றாம். இன்னொன்றும் பல ஆய்வுகளில் வருகிறது. பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் கேட்ட பாட்டுதான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக ஒட்டிக்கொள்கிறது. அதற்கப்புறம் எவ்வளவு நல்ல பாட்டு வந்தாலும் வாடகைக்குத்தான் இருக்கும் போல.

அக்காவிடம் சொல்லலாம் என்று திரும்பினேன். மிஷினைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டிருந்தாள்.

அக்டோபர் 19, சனி – எங்கள் ஊர்

ஊர்ப் பெயர் வேண்டாம். சின்னமனூரிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வாழைக்கும் திராட்சைக்கும் நடுவில். வழியெல்லாம் பந்தலில் பன்னீர் திராட்சை தொங்குகிறது. 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தோட்டத்து வாசலில் கிலோ 70 ரூபாய் என்று கொடுத்தார்கள். தோல் கெட்டி, கொட்டை இருக்கும், சப்பித் துப்பித்தான் தின்ன வேண்டும். சென்னையில் கிடைக்கும் கொட்டையில்லாததைப் பழம் என்று ஒத்துக்கொள்ள எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

டீக்கடையில் கோடை பண்பலை. கொடைக்கானல் மலை உச்சியிலிருந்து 100.5-ல் வருவது. தெற்கே பல மாவட்டங்களில் சமையலறையும் சலூனும் இன்னும் அதில்தான் ஓடுகின்றன. டீ 12 ரூபாய், கண்ணாடி கிளாசில். கடைக்காரர் பாட்டுக்குத் தாளம் போட்டபடி ஆற்றினார்.

வீட்டை நாங்கள் விற்று இருபது வருஷமாகிறது. திண்ணை மட்டும் அப்படியே இருக்கிறது. கேட்டுக்கு வெளியே நின்று பட்டியலில் 23-ஐப் போட்டேன். எனக்கு மிகவும் பிடித்த பாட்டு, பத்தாவது படிக்கும்போது இந்தத் திண்ணையில் டிரான்சிஸ்டரில் கேட்டது. கண்ணை மூடினேன். வேளச்சேரி சிக்னல்தான் தெரிந்தது. காரில், நடைப்பயிற்சியில், பாத்திரம் கழுவும்போது என்று எத்தனை ஆயிரம் தடவை கேட்டுவிட்டேன்! பாட்டின் மேல் சென்னை அடுக்கடுக்காகப் படிந்துவிட்டது. திண்ணை எங்கோ அடியில். பிடித்த பாட்டு என்று தினமும் எடுத்துத் தேய்த்ததில் எழுத்தெல்லாம் அழிந்த காசு மாதிரி ஆகிவிட்டது. 24-ம் 25-ம் போடவில்லை.

உள்ளேயிருந்து ஒரு அம்மா வந்தார். விஷயம் தெரிந்ததும் கேட்டைத் திறந்து, "உங்க வீடுதான, ஏன் வாசல்ல நிக்கிறீங்க? ஒக்காருங்க," என்றார். சொம்பு நிறைய மோர், தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாய். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று சமைக்கப் போய்விட்டார். கூப்பிடாமல் வந்த இரண்டு பேருக்காகச் சனிக்கிழமை மத்தியானம் உலை வைக்கிற ஊர் இன்னும் இருக்கிறது.

திண்ணையில் உட்கார்ந்தால் மேற்கே மூன்று தெரு தள்ளி ஒரு கல்யாண மண்டபத்தின் மொட்டைமாடி தெரிகிறது. எங்கள் டூரிங் டாக்கீஸ் இருந்த இடம். சாயங்காலம் ஆறு மணிக்குச் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் 'விநாயகனே வினை தீர்ப்பவனே' குழாய் ஸ்பீக்கரில் கிளம்பும். தமிழ்நாட்டில் பாதி டாக்கீஸ் அந்தப் பாட்டில்தான் திறந்தன. அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் ஒரு குதி குதிக்கும். சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு, அப்பா கையைப் பிடித்து ஓடி, தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடாக்கி, அதன் மேல் உட்கார்ந்து, முன்னால் இருப்பவன் அதைவிட உயரமாகக் குவிக்க, அவனோடு சண்டை போட்டு...

இதையெல்லாம் அக்காவிடம் கைகாலை ஆட்டிச் சொன்னேன். நாம் என்று சொன்னேன். நாம் ஓடுவோமே, நாம் மணல் குவிப்போமே.

"நான் எங்கடா வந்தேன்?" என்றாள்.

"வந்தியே!"

"பதிமூணு வயசுல ஒக்காந்தேன். அதோட டாக்கீஸ் கட்டு. அம்மா ஒரே பேச்சுல சொல்லிருச்சு. நீங்க நாலு பேரும் போவீங்க. நான் ஏனம் கழுவி வச்சுட்டு இந்தா இந்தத் தூணுல சாஞ்சு ஒக்காருவேன்."

1979 அது. எனக்கு ஏழு வயது. எங்கள் கூட வந்தது யார் யார் என்று எண்ணிப் பார்த்தேன். அப்பா, அம்மா, நான், சின்னண்ணன். நாலுதான் வருகிறது. இத்தனை வருஷமும் அக்காவை ஐந்தாவதாக நானே உட்காரவைத்திருக்கிறேன்.

"பாவம்க்கா," என்றேன்.

"என்ன பாவம்? 'விநாயகனே' போட்டா எனக்கு எம்புட்டு சந்தோசம் தெரியுமா! இந்த வீட்டுல ஆறு பேரு. மூணு மணி நேரம் வீடு எனக்கு மட்டும். ஒருத்தரும் தண்ணி கொண்டாம்பாங்க இல்ல, வெளக்கப் போடும்பாங்க இல்ல." ஆறாவது ஆள் அப்பத்தா, உள்ளே தூங்கிவிடும். "அந்தப் பாட்டு முடியறதுக்குள்ள நீங்க கெளம்பணுமேன்னு நான்தான் ஒன் சட்டைக்குப் பித்தான் மாட்டி வெரட்டுவேன்."

அது நினைவிருக்கிறது. அவசர அவசரமாகப் பித்தான் மாட்டும் விரல்கள். அன்பு என்று நினைத்திருந்தேன்.

படம் முழுவதும் அவளுக்கு இங்கேயே கேட்குமாம். ஆடியில் மேக்காத்து அடித்தால் வசனம் ஒவ்வொன்றும் தெளிவாக வரும். கார்த்திகை வாடையில் பாதி வரும், பாதி திசை மாறிப் போய்விடும். பாட்டு மட்டும் எப்போதும் வரும். ஒரு படம் பத்து நாள் ஓடினால் பத்து நாளும் கேட்பாள். யார் எப்படி இருப்பார்கள், எந்த ஊர், என்ன புடவை எல்லாம் அவளே போட்டுக்கொள்வது.

"பொறவு டிவி வந்து எல்லாப் படத்தையும் போட்டான்ல. பார்த்தேன். எனக்கு ஒண்ணும் புடிக்கல. நான் வச்சிருந்த வீடெல்லாம் இன்னும் பெருசுடா."

மதியம் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, அப்பளம், ரசம். காசு கொடுக்கத் துணியவில்லை. திராட்சைப் பையை வைத்துவிட்டு வந்தோம். அந்த அம்மா அதில் பாதியை ஒரு துணிப்பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அக்டோபர் 20, ஞாயிறு – சுருளி போய்த் திரும்பிய கதை

காலையில் மிஷின் இரண்டும் டிங் டிங் என்று அழுதுவிட்டு நின்றன. கவலைப்படாதே, புது பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன் என்று பெருமையாகப் பையைத் திறந்தேன். அவளுடையது 312, பழுப்பு ஸ்டிக்கர். நான் வாங்கி வந்தது 13, ஆரஞ்சு ஸ்டிக்கர். 62 பாட்டுக்கு வரிசை எண் போட்டவன் பேட்டரிக்கு எண் பார்க்கவில்லை.

கம்பத்தில் நாலு மருந்துக்கடை ஏறி இறங்கினேன். ஒருவர் சர்க்கரை பார்க்கும் கருவியின் பேட்டரியைக் கொடுத்து, "இதுவும் வட்டமாத்தான் இருக்கு," என்றார். ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடிக் கடையெல்லாம் பூட்டு. திறந்திருந்த ஒரே வாட்ச் கடையில் இருந்தவர் பழைய பேட்டரியை விரலில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஊசித்துளை. "இது காத்துல ஓடுற பேட்டரிண்ணே. ஸ்டிக்கரப் பிச்சா காத்து உள்ள போயி வேல செய்யும். எங்கிட்ட இருக்கறது எதுவும் ஆகாது. நாளைக்குத் தேனியில பாருங்க." காசு வாங்காமல் பதில் சொல்ல அவ்வளவு நேரம் செலவழித்தார். வியாபாரம் என்று பார்த்தால் நஷ்டம்தான்.

ஆக இன்று முழுக்க அக்காவுக்கு மிஷின் கிடையாது. அவள் அலட்டிக்கொள்ளவில்லை. நான்தான் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டே இருந்தேன்.

சுருளிக்கு ஆட்டோ, போகவர 450. மேலே நல்ல மழை, அருவி செம்மண் நிறத்தில் கொட்டுகிறது, குளிக்கத் தடை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம் துண்டோடு நின்று அருவியைத் திட்டிக்கொண்டிருந்தது. அருவிக்கான இரண்டு பாட்டை எடுக்கவே இல்லை. அந்த இரைச்சலில் நானும் செவிடுதான். வேகவைத்த மக்காச்சோளம் ஒன்று 30 ரூபாய், மிளகாய்ப்பொடி உப்பு தடவியது. அதுவே இந்தப் பயணத்தின் ஆகச் சிறந்த தீனி என்று அக்கா தீர்ப்புச் சொன்னாள், ஊருக்கே கேட்கும் குரலில். மிஷின் இல்லாவிட்டால் அவள் குரலின் அளவு அவளுக்குத் தெரியாது.

திரும்பும் வழியில் ஒரு ஊர்த்தெருவில் ஆட்டோ நின்றுவிட்டது. காதணி விழா. தாய்மாமன் சீர் வருகிறது. தாம்பாளம் தாம்பாளமாகப் பழம், பட்டு, மாலை போட்ட இரண்டு கிடா, முன்னால் மேளம். முழு வீட்டை மறைக்கும் பேனரில் காது குத்தப்போகும் குழந்தை, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. "நமக்குத் தோதான விசேஷம்," என்று கத்தினேன். அக்காவுக்கு விழவில்லை. நல்ல நகைச்சுவை வீணானது.

ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். எப்படியும் அரை மணி நேரம். இறங்கி ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம். மரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. கூம்பு ஒலிபெருக்கிக்குத் தடை என்று சொல்கிறார்கள், விசேஷ வீட்டில் இன்னும் கட்டுகிறார்கள். மேளம் ஓய்ந்த இடைவெளியில் சவுண்டுசெட்காரர் ஒரு பாட்டைப் போட்டார்.

'செந்தூரப்பூவே'.

என் காது கிழிந்தது. குழாயில் கனமான தாளமும் வராது, மெல்லிய மணிச் சத்தமும் வராது. நடுவில் இருக்கிற குரல் மட்டும் தகரத்தைப் பிளந்துகொண்டு வரும். அக்கா தலையைத் தூக்கி ஸ்பீக்கரைப் பார்த்தாள். பிறகு இரண்டு எட்டு வைத்து அதற்கு நேர் கீழே போய் நின்றாள். காதில் ஒன்றும் இல்லை. வெறுங்காது, வெறும் தோடு.

"கேக்குதுடா!" என்றாள். "நல்லாக் கேக்குது! இதான் அந்தச் சத்தம்!"

அப்புறம் ரயிலில் செய்த அதே காரியம். முகம் சுளித்தது, கன்னம் ஒட்டியது, எச்சில் விழுங்கினாள். கீழ்த்தாடை ஒரு பக்கமாகக் கோணி நிற்க, வலது கைக் கட்டைவிரலை ஆள்காட்டி விரல் நுனியில் வைத்து எதையோ பிதுக்குவதுபோல் தேய்த்தாள். இரண்டு சரணமும் முடியும்வரை அந்த விரல் நிற்கவில்லை.

"பல்லு கூசுது," என்றாள்.

என்ன என்று கையால் கேட்டேன்.

"புளிடா. அந்தப் படம் நம்மூருக்கு வந்தப்ப மாசி மாசம். வீட்டுல புளி தட்டுனோம், ஞாபகம் இல்லையா? யாவாரி மூட்டை மூட்டையா எறக்கிட்டுப் போவான், கொட்டை எடுத்து, நாரு எடுத்துக் குடுக்கணும். கிலோவுக்குக் காசு. நீங்கள்லாம் டாக்கீஸ் போனதும் நான் அரிக்கேன் வெளக்க வச்சுக்கிட்டு ஒக்காந்துருவேன். அம்மா நாலு கிலோ எடுத்து வைன்னு சொல்லிட்டுப் போகும். அந்தப் பாட்டு வர்றப்ப ரெண்டு கிலோ முடிஞ்சிருக்கணும். முடிஞ்சிருந்தா ஒரு சொளையை வாயில போட்டுக்குவேன். வெரல் நுனியெல்லாம் வெள்ளையா ஊறிப்போயி வெடிச்சிருக்கும், அதுல புளி பட்டு எரியும். வாயில புளிப்பு, வெரல்ல எரிச்சல், மேக்க ஜானகி பாடுறா. இப்பவும் எங்க கேட்டாலும் வாய் ஊறுதுடா. பாட்டு புடிக்குமான்னா... எப்படிச் சொல்ல. புளி புடிக்குமான்னு கேட்டா என்ன சொல்லுவ?"

அவள் முணுமுணுத்தது எதற்கென்று இப்போதுதான் புரிந்தது. கிலோக் கணக்கு வைத்திருக்கிறாள்.

கேட்க எனக்கு நூறு கேள்வி இருந்தது. அந்தக் காசை யார் வாங்கிக்கொண்டார்கள், அந்தக் காசில்தானா எங்கள் டிக்கெட். கேட்டிருந்தால் அவளுக்குக் கேட்டிருக்காது. நான் குறுக்கே பேச முடியாததால்தான் அவள் இத்தனையும் சொல்லி முடித்தாள் என்றும் தோன்றியது.

சீர் கடந்து போனது. யாரோ ஒரு பெண் வந்து எங்கள் இருவர் கையிலும் சந்தனம் தடவி, சாப்பிட்டுப் போகச் சொன்னார். யார் வீட்டு விசேஷம் என்றுகூடத் தெரியாது. ஆட்டோக்காரர் எங்களுக்கு முன்னாலேயே பந்தியில் உட்கார்ந்திருந்தார்.

அக்டோபர் 21, திங்கள் – திரும்பும் வழி

தேனியில் 312 கிடைத்தது. ஆறு கொண்ட அட்டை 240 ரூபாய். அக்கா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள், மாட்டவில்லை. "பஸ்ஸுல என்னத்துக்கு, எறங்கிப் போட்டுக்கறேன்." மதுரை பஸ்ஸில் புதுப் பாட்டுகள் இருக்கையை அதிர வைத்தன. அவள் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்துத் தூங்கினாள். நடுவில் ஒரு தடவை விழித்து, "62-ல எத்தனை ஓடுச்சு?" என்றாள். ஒன்பது என்று விரலில் காட்டினேன். சிரித்துவிட்டுத் திரும்பத் தூங்கிப்போனாள். எனக்குக் கால் நீட்ட இடமில்லை, சுருளி மக்காச்சோளம் வயிற்றில் ஏதோ செய்துகொண்டிருந்தது, உசிலம்பட்டி வரும்வரை டிரைவர் எங்கேயும் நிறுத்தவில்லை.

அவள் விழித்திருந்தபோதெல்லாம் ஒவ்வொன்றையும் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தேன். அதோ கணவாய், அதோ ரயில் பாதை, அந்தப் பெரியவர் இங்கேதான் ஏறினார். பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு தடவை முறைத்தார். முன்னால் இருந்த குழந்தை திரும்பி நின்று என்னையே பார்த்தது.

மதுரை பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, அக்கா பழுப்பு ஸ்டிக்கரைப் பிய்த்தாள். காற்று உள்ளே போக ஒரு நிமிஷம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். பிறகு மிஷினில் போட்டு, இரண்டு காதிலும் மாட்டி, தலையை அப்படியும் இப்படியும் ஆட்டினாள்.

"டீ சாப்பிடுறியாக்கா?" என்றேன்.

காதைப் பொத்திக்கொண்டாள். "அடேய், ரெண்டு நாளா இப்படித்தான் கத்திக்கிட்டு வந்தியா?"